யாருக்காக அறுத்தது?

கோழியை மசாலாவில் எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் உப்பு ஒன்றுதான் சதைக்குள் ஆழமாக இறங்கும். மிளகு, கராம்பு, கறுவா, கொறக்காய் எல்லாம் தோலோடும் அதற்கடுத்த மெல்லிய பரப்போடும் நின்றுவிடும். அதனால்தான் தொடையில் எலும்பு வரை கத்தியால் கீறி, கீறலுக்குள் விரலால் மசாலாவைத் திணிக்கிறோம். உக்குவளைப் பக்கம் ஒரு மசாலாத் தோட்டத்தின் சாப்பாட்டு மடுவத்தில் நெடுங்காலமாகத் தணலில் கோழி சுடுகிறவன் நான். வெளிநாட்டுக்காரர்கள் மிளகுக் கொடியையும் சாதிக்காய் மரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார்கள். பார்த்ததெல்லாம் அந்த ஒரு தொடைத் துண்டில் நாக்குக்குத் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். தெரியும்படிதான் செய்கிறேன்.

கொன்றது ஒரு கை, வாங்கியது ஒரு கை, சுட்டது என் கை, தின்றது யாரோ ஒருவரின் வாய். அந்தச் சாவு இவர்களில் யாருடையது? இதை நான் வேலை நேரத்திலேயே யோசிக்கிறேன், ஏனென்றால் என் வேலையில் காத்திருக்கும் நேரம் அதிகம். மாத்தளையில் இந்தக் கேள்விக்கு ஒன்றல்ல, நாலைந்து பதில்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே குடியிருக்கின்றன. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பதில்கள். அவற்றை வைத்துக்கொண்டு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் மசாலா. மிளகை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வறுப்பேன். வாசம் கிளம்பி ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும், தாமதித்தால் கசந்துவிடும். கராம்பு நாலைந்துக்கு மேல் வேண்டாம், கூடினால் பல்வலி மருந்து வாசம் வந்துவிடும். கறுவாவில் மெல்லிய சுருள் பட்டை. சாதிக்காயைச் சுற்றிச் சிவப்பாகப் படர்ந்திருக்கும் வசவாசியைக் காயவைத்து ஒரு சிட்டிகை நொறுக்கிப் போடுவேன். கொறக்காயை வெந்நீரில் ஊறவைத்து அம்மியில் அரைத்தால் கன்னங்கரேலென்று வரும். புளிப்புக்கு எனக்கு அதுதான் வேண்டும். தேசிக்காய் நுனி நாக்கில் குத்திவிட்டுப் போய்விடும், கொறக்காய் நின்று பேசும். இஞ்சி, வெள்ளைப்பூடு, காய்ந்த மிளகாய், ரம்பை, சேரை, கொஞ்சம் தேங்காயெண்ணெய். எல்லாம் பூசி ஓர் இரவு. மறுநாள் சிரட்டைக் கரி வெள்ளைச் சாம்பல் போர்த்திய பிறகுதான் கம்பியில் ஏற்றுவேன். கொழுப்பு சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து எழுகிற புகைதான் கடைசி மசாலா. எலும்போரம் 74 பாகை செல்சியஸ் சூடு வரவேண்டும் என்று முதலாளி ஒரு வெப்பமானி வாங்கித் தந்திருக்கிறார். நல்லதுதான். ஆனாலும் தொடையும் எலும்பும் சேருகிற இடத்தைக் கம்பியால் குத்தி, வருகிற சாறு தெளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு துண்டையும் நான் இறக்கியதில்லை.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்திலும் போரிலும் பிக்குகள் மடிந்துகொண்டிருந்தார்கள். மனப்பாடமாக மட்டுமே வந்துகொண்டிருந்த பாளி மறைநூல் அவர்களோடு அழிந்துவிடும் என்று அஞ்சி அதை ஓலையில் எழுதி வைத்தது அங்கேதான் என்பது பௌத்த மரபு. 1848 மாத்தளைக் கலகத்தில் ஆங்கிலேயப் படை அந்தக் குகை விகாரையின் பெரும்பகுதியை நாசம் செய்தது. இன்றைக்கும் போகிறவர்களுக்கு எழுத்தாணியால் ஓலையில் பெயர் எழுதிக் காட்டுகிறார்கள். எங்கள் தோட்டத்துக்கு மிளகு கொண்டுவரும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் பௌர்ணமிப் போயா தினங்களில் அங்கே போய் சில் நோன்பு அனுட்டிப்பார். மற்ற நாளில் வந்தால் என் கோழியில் ஒரு துண்டு விரும்பிச் சாப்பிடுவார். போயா அன்று இறைச்சிக் கடைகள் பூட்டிக் கிடப்பதும், முதல் நாள் பின்னேரம் அதே கடை வாசலில் சனம் நெரிவதும் இந்த நாட்டில் எல்லோரும் பார்ப்பது. அதைப் பற்றி ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“நான் கொல்லல்லையே தம்பி. எனக்கெண்டு கொல்லவும் இல்லை” என்றார்.

“அப்ப யாருக்காக அறுத்தது சேர்?”

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மிளகுச் சாக்கின் மேல் உட்கார்ந்து ஜீவக சூத்திரத்தைச் சொன்னார். புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகன், உங்களுக்காகக் கொன்ற இறைச்சியை நீங்கள் உண்பதாக ஊரார் சொல்கிறார்களே, உண்மையா என்று அவரிடமே கேட்கிறான். தனக்காகக் கொன்றதைப் பிக்கு கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, அப்படி இருக்குமென்று சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சியைத் தொடக்கூடாது, இந்த மூன்றும் இல்லாவிட்டால் உண்ணலாம் என்று புத்தர் பதில் சொல்கிறார். ஆசிரியர் நேர்மையானவர். தனக்கு வசதியான இடத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் சூத்திரத்தின் பிற்பகுதியையும் சொன்னார். புத்தருக்கோ அவர் சீடருக்கோ என்று ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் ஐந்து வகையில் அவனுக்குப் பாவம் சேர்கிறது. அந்த ஐந்தில் முதலாவது, கத்தியை எடுப்பதற்கும் முன்னால், அந்தப் பிராணியைப் பிடித்து வரச் சொல்வதிலேயே தொடங்கிவிடுகிறது. கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து வரும்போது அது படுகிற வேதனை இரண்டாவது. கொல்லச் சொல்வது மூன்றாவது. சாகும்போது அது படுகிற வேதனை நாலாவது. கொள்ளத்தகாத உணவைப் படைத்தது ஐந்தாவது.

இந்தக் கணக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. கோழிக் கடையில் என்ன நடக்கிறது? முப்பத்தைந்து, நாற்பது நாளில் விற்கும் எடைக்கு வந்துவிட்ட புரொய்லர் கோழிகள் கூட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. வாங்க வந்தவர் விரலை நீட்டி “அந்தப் பெரிசு” என்கிறார். கடைக்காரர் காலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைக்கிறார். ஆக, சூத்திரம் சொன்ன முதலாவது அங்கேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் வழக்கமாக வாங்குகிற கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. அவர் ஒவ்வொரு கழுத்திலும் கத்தி வைக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுகிறார், எத்தனை பேர் காத்து நின்றாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாக. அந்த இடத்தில் இறைவன் பெயரைச் சொல்லாமல் ஓர் உயிரை எடுக்க அவருடைய மார்க்கம் விடுவதில்லை. காசு கொடுக்கிற நமக்கு அப்படி ஒரு சொல் இல்லை. நாம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

பிக்கு பாத்திரம் ஏந்தி ஒரு வாசலில் நிற்கிறவர். விழுந்ததை உண்கிறவர், இது வேண்டும் அது வேண்டாம் என்று சொல்ல முடியாதவர். மூன்று நிபந்தனையும் அவருக்காகச் சொன்னது. காசோடு கடைக்குப் போகிற நானும் ஆசிரியரும் அந்த நிழலில் ஒதுங்க முடியாது என்று அவரிடமே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது சரிதான், ஆனா கடைக்காரர் எங்களுக்கெண்டு இல்லை, எல்லாருக்குமெண்டுதானே கொண்டுவாறார்” என்றார். அந்த வாதமும் லேசானதல்ல. அதற்குத் தமிழில் எப்போதோ பதில் எழுதப்பட்டுவிட்டது. திருக்குறளில் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். உண்கிறவன் இல்லாவிட்டால் விலைக்கு விற்கிறவனும் இருக்கமாட்டான் என்று வள்ளுவர் அங்கே வாங்குகிறவனையே நேராகப் பிடிக்கிறார். எல்லாருக்காகவும் என்பதில் நானும் ஒருவன், எனக்குரிய பங்கு என் பெயரில்தான் இருக்கிறது. வள்ளுவர் இதோடு நிற்காமல் கொல்லாமைக்குத் தனி அதிகாரமும் வைத்திருக்கிறார். கோழி சுடுகிற எனக்கு அவரிடம் சொல்ல நல்ல பதில் கிடையாது. அவர் சொன்னதைக் கேட்டு அதன்படி வாழ்கிறவர்களை நான் என்னைவிட மேலான இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் பிறந்த தோட்டத்து லயத்துக்குக் காவலாக இருந்த சாமி கோழி கேட்கிற சாமி.

எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாகத் தம்புள்ளை வந்து மாத்தளைக்கு நடந்தவர்கள். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அதற்கு வெகு முந்தியது. பசியிலும் வாந்திபேதியிலும் அந்தப் பாதையோரம் விழுந்தவர்களுக்கு மேடு கட்டவும் நேரம் இருக்கவில்லை. நோயை இறக்குகிற மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். 108 அடி இராஜகோபுரத்தோடு மாத்தளை நகரில் நிற்கும் முத்துமாரியம்மன் கோயில் அந்த நம்பிக்கையில் வளர்ந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் தீக்கிரையாகி மறுபடி எழுந்தது. மாசி மகத்துக்கு அங்கே ஐந்து தேர் ஓடுகிறது, அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் மச்சம் மாமிசம் கிடையாது. இது நகரத்து அம்மன். ரத்தோட்டைப் பக்கம் மேலே தோட்டத்துக்குள், மரத்தடியில், கல்லும் வேலுமாக இருந்தவர்கள் முனியாண்டி, மாடசாமி, ரோதை முனி. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் பருவம் தொடங்க முதல் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள்.

என் அப்பா கவ்வாத்து ஆள். கவ்வாத்துக் கத்தி சவரக்கத்திக்கு அடுத்த கூர். மழைத் தூறலில் வழுக்குகிற சரிவில் நின்றுகொண்டு, முழங்கால் உயரத்தில் செடியின் தலையை ஒரே வீச்சில் எடுக்க வேண்டும். கை தப்பினால் முழங்காலோ தாடையோ போகும். அந்தப் பயம் உண்மையான பயம், அதனால் கும்பிடும் உண்மையான கும்பிடு. கத்திகளை வரிசையாகச் சாமிக்கு முன்னால் கிடத்தி, பொட்டு வைத்து, சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். சேவல் ஒரு வீட்டில் நேர்ந்துவிட்டு வளர்த்ததாக இருக்கும். ஒரு வருடம் அது எங்கள் வீட்டுச் சேவல், தவிட்டையும் சோற்றையும் பிசைந்து அதற்கு வைத்தவன் நான். மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் தெளித்துவிட்டு எல்லோரும் நிற்பார்கள். அது உடம்பை உலுப்பித் தலையைச் சிலுப்பினால்தான் உத்தரவு. சிலுப்பும் வரை கத்தி எழும்பாது. தண்ணீர் பட்டால் எந்தக் கோழியும் சிலுப்பாதா என்று கேட்பது சுலபம். பழைய கிரேக்கர்களும் பலி விலங்கின் தலையில் தண்ணீர் விட்டு அது தலையசைக்கும் வரை காத்திருந்தார்கள் என்று வாசித்திருக்கிறேன். கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவருக்கும் கேட்காமல் எடுப்பது தகாது என்று பட்டிருக்கிறது.

அன்று எங்கள் சேவல் உடனே சிலுப்பவில்லை. உடுக்கு நின்றது. பெரியவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தண்ணீர் கழுத்திறகில் வழிந்து காய்ந்தே போனது. இரண்டாம் தரம் தெளித்தார்கள். “முனி, உன் பிள்ளைகள்தானே, என்ன குறை வச்சோம்?” என்று ஒரு கிழவி கேட்டாள். கங்காணி, கணக்குப்பிள்ளை, கொழுந்து எடுக்கிற பெண்கள் என்று அத்தனை பேரும் ஒரு சேவலின் சம்மதத்துக்காகக் காத்து நின்றார்கள். அன்றாடம் யாரும் அவர்கள் சம்மதத்தைக் கேட்டதில்லை. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குத்தான் கேட்காமல் அறுக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. பிறகு அது சிலுப்பியது. நான் அழுதேன். அழாதே என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். ஈரலைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டி, மிளகும் உப்பும் தடவி முனிக்கு வைத்தார்கள். நான் அறிந்த முதல் சுட்ட கோழி அது. மிச்சத்தைக் கூறு போட்டார்கள். லயத்தில் எத்தனை காம்பராவோ அத்தனை கூறு, தேக்கிலையில். பெரிய வீட்டுக்குப் பெரிய கூறு கிடையாது. சேவல் தந்த வீடென்று எங்களுக்குக் கூடுதலும் கிடையாது. காலும் தலையும்கூட ஒருவர் பங்குக்குப் போனது. யாருக்காக அறுத்தது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லியிருக்கும்: முனிக்கு, கவ்வாத்துக்குப் போகிறவர்களுக்கு, எங்களுக்கு. எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் கேட்டோம், சந்தேகமே இல்லை. ஜீவக சூத்திரப்படி எங்களில் ஒருவரும் அதைத் தொட்டிருக்கக்கூடாது. ஆனால் நாங்கள் ஒருவரும் அது எங்களுக்குத் தெரியாது என்று சொல்லவில்லை.

இப்போது அந்த மரத்தடியில் சீமெந்துக் கோயில். குருக்கள் வைத்துக் கும்பாபிஷேகம் செய்தாயிற்று. சேவலுக்குப் பதிலாக நீற்றுப்பூசணிக்காயைக் குங்குமம் தடவி வெட்டுகிறார்கள். 2018இல் இந்துக் கோயில்களில் மிருகங்களையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடை செய்யும் யோசனைக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1950 முதல் இதற்கொரு சட்டம் இருந்து, 2003இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போய், கிராமத்துச் சனத்தின் எதிர்ப்பில் 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். தடை வேண்டும் என்கிறவர்களை நான் ஏளனமாகப் பேசமாட்டேன். என் மகளே அந்தப் பக்கம்தான். அவள் பாடசாலையில் படிப்பிக்கிறாள்.

“அப்பா, கூட்டத்துக்கு நடுவில, மேளச் சத்தத்தில, பயந்து போய் நிக்கிற ஒரு உயிரை வெட்டிறதைச் சாமி எப்படி விரும்பும்? நீங்க அழுதீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவள் சொல்வதில் பாதி எனக்கு முழு உண்மை. நூற்றுக்கணக்கில் ஆட்டையும் கோழியையும் வரிசையில் நிறுத்தி, யார் பெரிய பலி கொடுத்தது என்று பந்தா காட்டுகிற இடங்களைப் பற்றி அவள் பேசினால் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கோயிலில் சேவல் அறுப்பது நின்ற பிறகு தோட்டத்தில் கோழி சாவது நிற்கவில்லை, கூடியிருக்கிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு புரொய்லர். அறுப்பது எங்கோ, உரிப்பது எங்கோ. வருவது பொலித்தீன் பையில், தலையில்லாமல், காலில்லாமல். பலி போனதால் குறைந்தது உயிர்ச்சேதம் என்றால் நான் முதல் ஆளாகக் கையெடுத்துக் கும்பிடுவேன். குறைந்தது நாம் பார்ப்பது மட்டும்தான். கடவுளுக்கு முன்னால் செய்ய வெட்கப்படுகிற ஒன்றைக் கடவுள் பார்க்காத இடமென்று நினைத்துக்கொண்டு செய்கிறோம். கடவுள் பார்க்காத இடம் ஒன்று உண்டென்று எந்தச் சமயம் சொல்லியிருக்கிறது?

சிவராத்திரி இரவில் பிரசங்கிமார் கண்ணப்ப நாயனார் கதையைச் சொல்வார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அந்த வேடன் பன்றியை வேட்டையாடுகிறான். இறைச்சியை அம்பில் கோத்துத் தீயில் காய்ச்சுகிறான். ஒவ்வொரு துண்டையும் வாயிலிட்டு, பல்லால் கடித்துப் பதம் பார்த்து, நல்லதை மட்டும் இலைக் கல்லையில் சேர்க்கிறான். தேனும் கலந்து காளத்தியப்பருக்குக் கொண்டுபோகிறான். ஆகமம் தெரிந்த சிவகோசரியார் வந்து பார்த்துப் பதறுகிறார். சிவன் அவர் கனவில் தோன்றி வேடனின் அன்பைக் காட்டுகிறார். பிரசங்கிமார் இந்த இடத்தில் அவசரமாக, அன்புதான் பெரிது, இறைச்சியைப் பார்க்காதீர்கள் என்று சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட முடியாமல் நிற்கிறேன். அந்த அன்பு எங்கே இருந்தது? அவன் வெந்த பதத்தைப் பார்த்த இடத்தில் இருந்தது. எலும்போரம் வெந்ததா, நாருண்டா, கருகியதா என்று ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தவன் அவன். கொன்றவனும் அவன், சுட்டவனும் அவன், ருசித்தவனும் அவன், படைத்தவனும் அவன். கேட்டால் நானில்லை என்று சொல்ல அவனுக்கு வேறு ஆள் இருக்கவில்லை. அறுபத்து மூவரில் ஒருவராக நம் சிவன் கோயில்களில் அவர் நிற்கிறார். சுட்ட இறைச்சியைக் கையிலேந்தி வந்ததற்காக யாரும் அவரை வெளியே நிறுத்தவில்லை.

இதை வைத்துக் கோழி தின்பது புண்ணியம் என்று நான் சொல்ல வரவில்லை. வள்ளுவர் சொன்னது அப்படியே நிற்கிறது. தின்பதென்று ஆனபிறகு, அந்தச் சாவை நான்கு கைகளுக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்துக் காணாமல் போக்குவதுதான் எனக்குப் பாவமாகப் படுகிறது. அது என்னுடையது என்று யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சாமிக்கு முன்னால் எடுத்துக்கொண்டாலும் சரி, நானாவின் கத்திக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டாலும் சரி. நான் என் பங்கை அடுப்படியில் எடுத்துக்கொள்கிறேன். மசாலா பூசும்போது கையுறை போடச் சொல்கிறார்கள், சுத்தத்துக்காகப் போடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கோழியையும் நானே கழுவி, நானே கீறுகிறேன். இறகின் அடிக்குச்சி தோலில் மிஞ்சியிருந்தால் நானே பிடுங்குகிறேன். அந்த நேரத்தில் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடச் சொல்வேன். கூட வேலை செய்கிற பொடியன்களுக்கு அது பழகிவிட்டது.

வெளியில் கல்யாண வீடுகளுக்கும் சுட்டுத் தரக் கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன் ஒன்று கேட்பேன்: எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள், அதில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் சைவம். கூடுதலாகவே போடுங்கள் அண்ணே, பார்வைக்குக் குறையக்கூடாது என்பார்கள். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பாது. ஒரு கல்யாணத்தில் நான் இரவிரவாக ஊறவைத்துச் சுட்ட தொடைகள் ஒரு கடி கடித்தபடியும் கடிக்காமலும் எச்சில் வாளிக்குள் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். கால், தலை வரைக்கும் கூறு போட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் வீட்டுக் கல்யாணம் அது. பலியிடுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்கிறவர்களும் அந்தப் பந்தியில் இருந்தார்கள். யாருக்காகவும் அறுக்கப்படாத கோழி என்றால் அந்த வாளிக்குள் கிடந்ததுதான். அதனால் இப்போது கணக்கை நானே போடுகிறேன். ஆளுக்கு ஒரு துண்டு, கேட்கிறவர்களுக்கு இரண்டாவது, மிஞ்சினால் இலையில் சுற்றிக் கட்டி, வந்தவர்கள் கையிலோ பக்கத்து லயத்துக்கோ அன்றிரவே கொடுத்துவிட வேண்டும். இதற்குச் சம்மதிக்கிற வீட்டுக்கு மட்டும் போகிறேன். மகள் தன் பங்குக்கு, சைவப் பந்திக்கென்று பிஞ்சுப் பலாக்காயை அவித்துக் கீறி அதே மசாலாவில் ஊறவைத்துச் சுடச் சொல்லித் தந்திருக்கிறாள். அதற்கு உப்பு இன்னும் கொஞ்சம் முந்தியே போட வேண்டியிருக்கிறது.